எல்லய்யாவுக்கு இரண்டு சொல்

ஜனவரி 6, திங்கள்

பந்து பதினெட்டு. காற்று நின்றது பதினாறில். ஒன்றுக்கு வால்வு போச்சு, இன்னொன்றை மைதானத்து நாய் கடித்துவிட்டது. ஜெர்சி இருபத்திரண்டு துவைத்தேன். யாருக்கும் அடி இல்லை.

இந்த நோட்டு கோச் கொடுத்தது. நீலக்கொடி கிளப்பில் வேலை செய்கிற எல்லாரும் தினமும் எழுத வேண்டுமாம். எத்தனை பந்து, என்ன துவைத்தோம், யாருக்கு எங்கே அடி, மைதானத்தில் என்ன பார்த்தோம். சனிக்கிழமை அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவாராம்.

“எனக்கு இங்கிலீஷ் எழுத வராது சார்” என்றேன்.

“உன் பாஷையில் எழுது.”

“உங்களுக்குப் படிக்க வராதே?”

“படிக்க வேண்டாம். நான் கையெழுத்துப் போடுவேன் என்று தெரிந்தால் நீ பொய் எழுத மாட்டாய்” என்றார். நல்ல மனுஷன்.

நான் தனகோட்டி. வயது ஐம்பத்தொன்று. படிப்பு அஞ்சாவது, அதிலும் கணக்குப் பாடத்துக்கு மரத்து மேல்தான் இருப்பேன். வேலை கிட் மேன். அப்படியென்றால் ஜெர்சி துவைப்பவன், பந்துக்குக் காற்றடிப்பவன், ஐஸ் உடைப்பவன், திட்டு வாங்குபவன். முன்னால் ஹார்பரில் இருபது வருஷம் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றியதில் கப்பல் இங்கிலீஷ் வந்துவிட்டது. அதனால் கோச்சுக்கு நாக்கும் நான்தான். அவர் இங்கிலீஷும் ஓட்டை, என் இங்கிலீஷும் ஓட்டை. ரெண்டு ஓட்டையும் ஒரே இடத்தில் இருப்பதால் பேச்சு போய்வருகிறது. அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கோச் பெயர் எலாடியோ. ஸ்பெயின்காரர். நான் வைத்த பெயர் எல்லய்யா. ஆடின காலத்தில் கோல்கீப்பர். நிமிர்ந்து நின்றால் கோல் கம்பியோடு பேசலாம், அவ்வளவு உயரம். எப்போதும் தலையில் தொப்பி. இடது காது கேட்காது, எது சொன்னாலும் வலப்பக்கம் போய்ச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் குழாயடியில் சாக்ஸ் அலசிக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.

“எனக்கு இரண்டு சொல் வேண்டும். பந்து கீப்பர் கைக்கு வரும் என்றால் கத்துவதற்கு ஒன்று. வராது, நில், கோல் போனாலும் போகட்டும் என்றால் கத்துவதற்கு ஒன்று.”

“கேட்ச், லீவ்னு கத்துங்க சார். பசங்களுக்கு அந்த இங்கிலீஷ் தெரியும்.”

“தெரிவது வேறு. வேற்றுப் பாஷை தலைக்குப் போய்விட்டுக் காலுக்கு வரும். அம்மா பேசிய சொல் நேரே காலுக்குப் போகும்” என்றார். “எனக்கு அம்மா சொல் வேண்டும்.”

சரி என்று சொன்னேன். ஒன்று புடி. இன்னொன்று வுடு. பிடி, விடு என்றெல்லாம் எங்கள் பக்கம் புத்தகத்தில்தான் இருக்கும்.

“புடி” என்றார். காசிமேட்டில் பிறந்தவர் மாதிரி சுத்தமாக.

“ரெண்டாவது?”

“புடு.”

“வு சார். வு.”

“பு.”

வடை சொல்லுங்க என்றேன். படை என்றார். வாத்து என்றேன். பாத்து என்றார். சிரித்த சிரிப்பில் ஒரு சாக்ஸ் சாக்கடையில் போய்விட்டது. நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒற்றைக் காதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும்.

“நன்றாக வருகிறதா?” என்று கேட்டார். முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி இருந்தது.

“சூப்பர் சார்” என்றேன்.

நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

ஜனவரி 8, புதன்

பந்து பதினேழு. ஜெர்சி இருபத்திரண்டு. சரிபண்ணவில்லை, வேலை அதிகம்.

நம் கீப்பர் தேசப்பன் இன்றைக்குத்தான் பயிற்சிக்கு வந்தான். வயது இருபத்தேழு. காசிமேடு. கைகள் நண்டு மாதிரி, பந்து மாட்டினால் மாட்டினதுதான். ஆனால் போன கிளப்பில் அவனைத் துரத்திவிட்டார்கள். கோல் கோட்டை விட்டு வெளியே வரமாட்டான், பயந்தவன் என்று பெயர். நானே அவனுக்குக் “கோட்டுச்சாமி” என்று பெயர் வைத்திருக்கிறேன். கோவிலை விட்டு வெளியே வராத சாமி.

கோச் பந்தைத் தூக்கித் தூக்கி உதைக்க, ஒரு ஃபார்வர்டு ஓடிவர, தேசப்பன் நடுவில். சுலபமான பந்துக்குக் கோச் “புடி” என்றார். புடித்தான். ஆபத்தான பந்துக்கு “புடு” என்றார். அதற்கும் பாய்ந்தான். எனக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு.

பயிற்சி முடிந்து தேசப்பன் ஓடிவந்தான். “ணா, இன்னாணா இந்த மனுசன்? எல்லாத்துக்கும் புடி புடின்றாரு!”

“உன்ன நம்புறாருபா.”

“இதுவரிக்கும் ஒருத்தன் என்னைப் பாத்து புடின்னு சொன்னதில்லணா. உள்ள நில்லு, உள்ள நில்லுன்னுதான் சொல்வானுங்க.” அவன் கண் கலங்கினது போல இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு விளையாட்டைக் கலைக்க மனசு வரவில்லை.

ஜனவரி 11, சனி

கையெழுத்து நாள். கோச் பக்கம் பக்கமாகப் புரட்டி, கீழே கோழி கீறினது போல ஒன்று போட்டார். “ஒற்றைக் காதுக்கு” என்று எழுதின இடத்துக்கு நேர் கீழேயே போட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

டீ குடிக்கும்போது அவர் கதையைக் கேட்டேன். அவர் ஊரும் துறைமுகமாம், மீன் டப்பாவில் அடைக்கிற ஃபாக்டரியில் அப்பா வேலை. முதல் கிளவுஸ் அப்பா மீன் கழுவப் போட்ட ரப்பர் கையுறை. “என் கையில் வந்த பந்தெல்லாம் மத்தி வாசம்” என்றார். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கிளப்பில் எடுத்தார்களாம். ஏழு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தார்களாம்.

“ஏழு வருஷமா? கல்யாணம் பண்ணிக் குழந்தையே ரெண்டாங்கிளாஸ் போயிருக்குமே சார்.”

சிரித்தார். “பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஒரு ஆசைதான் இருக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு எதற்கும் நிற்க மாட்டேன் என்று.” தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோச்சுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். வெல்லம் என்று சொல்லச் சொன்னேன். பெல்லம். என் பெண்டாட்டிகூடச் சிரித்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் லீக் ஆட்டம். 2-0 ஜெயிப்பு. ஜெர்சி பதினாறு, அதில் ஒன்றில் ரத்தம்.

எழுபதாவது நிமிஷம் நீளப் பந்து ஒன்று. அவர்கள் ஆள் ஒரு பக்கம் ஓடிவர, நம் தேசப்பன் நடுவில் நிற்க, பந்து இரண்டு பேருக்கும் சரிபாதித் தூரம். கோச் கோட்டோரம் நின்று கத்தினார். புடு! தேசப்பன் பறந்தான். பந்தை எடுத்தான். வலது மோதிரவிரல் பின்பக்கம் திரும்பிவிட்டது. தானே இழுத்து நேராக்கிக்கொண்டான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

நான் கோச்சைப் பார்த்தேன். அவர் கூட்டத்தோடு சேர்ந்து கத்தவில்லை. கை ரெண்டையும் தொப்பி மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணிதான். சுடுதண்ணி ஊற்றினால் கறை துணியோடு சேர்ந்துவிடும், அப்புறம் போகாது. புதுசாக வேலைக்கு வருபவர்கள் செய்கிற தப்பு அதுதான்.

ஜனவரி 20, திங்கள்

கோச் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். என்னிடம் சொன்னார்: “நான் கத்தினேன். கேட்டதா என்று கேள்.”

கேட்டேன். “நல்லா கேட்டுச்சுணா” என்றான் தேசப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“கேட்டதாம் சார்.”

கோச் முகம் இறுகியது. “அப்படியானால் ஏன் அப்படிச் செய்தான்? நான் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்.”

இந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குழாயடியில் சூப்பர் சார் என்று சொன்னவன் இப்போது என்ன சொல்வது?

“கோச் சொல்றத அப்படியே செய்யணுமாம்பா” என்றேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

“அப்படித்தானேணா செய்றேன்” என்றான். “இனிமேலும் செய்வேன்னு சொல்லுங்க.”

“செய்வானாம் சார்.”

கை குலுக்கிக்கொண்டார்கள். வளைந்த விரல் வலித்தும் தேசப்பன் சிரித்தான்.

ஜனவரி 25, சனி

கையெழுத்துப் போட்டாயிற்று.

இன்று தானாகவே மிச்சக் கதையைச் சொன்னார். இருபத்தாறு வயதில் பெஞ்சை விட்டு கிரீஸ் நாட்டுக்குப் போனாராம். அங்கே நாற்பத்தொரு ஆட்டம். நாற்பத்திரண்டாவது ஆட்டத்தில் நீளப் பந்து. டிஃபெண்டர் ஒருவன் பின்னாலிருந்து கத்தினானாம், விட்டுவிடு என்று. அவன் பாஷையில்.

“எனக்கு அந்தச் சொல் தெரியும். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். காதில் விழுந்தது. அர்த்தம் வருவதற்குள் நான் காற்றில் இருந்தேன்.”

ஃபார்வர்டின் முழங்கால் தலையில். பதினோரு நாள் நினைவில்லை. எழுந்தபோது இடது காது போயிருந்தது. அப்புறம் தூரம் தெரியவில்லையாம். பந்து பக்கத்தில் இருப்பது தள்ளி இருப்பது போல, தள்ளி இருப்பது மூக்கில் இடிப்பது போல. முப்பதில் எல்லாம் முடிந்தது. அதிலிருந்து கோச் வேலை, நாலு நாடு.

தொப்பியைக் கழற்றிக் காட்டினார். காதுக்கு மேலே ஒரு பள்ளம். என் கட்டைவிரல் உட்காரும்.

“எல்லாரும் கீப்பருக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் விடச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் வந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்” என்றார்.

நான் ஏதாவது தமாஷ் சொல்லலாம் என்று பார்த்தேன். டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

1-0 ஜெயிப்பு. ஜெர்சி பதினாறு. தேசப்பனுக்கு முன்பல் ஒன்று போச்சு. புல்லில் தேடி எடுத்து என் சட்டைப்பையில் வைத்தேன்.

“கோட்டுச்சாமி, இனிமே நீ ஓட்டைச்சாமி” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான், வாயெல்லாம் ரத்தம்.

அவன் பெண்டாட்டி மலர்க்கொடி வந்திருந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை, வாய் கத்தி. என்னைத் தனியாக இழுத்தாள்.

“அண்ணா, இது இன்னா கூத்து? கல்யாணத்தப்போ கொசு அடிக்கப் பயப்படுவாரு. இப்போ பூட்ஸுக்கு மூஞ்சியக் குடுக்குறாரு.”

“பல்லு போனா இன்னாமா, முத்தம் குடுக்க வசதிதானே.”

அவள் சிரிக்கவில்லை. “கேட்டா கோச்சு புடின்றாரு, நான் புடிக்கிறேன்றாரு. கோச்சாண்ட பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்கண்ணா. தலையக் குடுக்காம ஆடச் சொல்லச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா.”

“சத்தியமா?”

“அட, சொல்றேன்னு சொல்றேன்ல.”

பிப்ரவரி 6, வியாழன்

சொல்லிப் பார்த்தேன். அதாவது, வேறு மாதிரி.

“சார், அந்த ரெண்டாவது சொல்லுக்குப் பதிலா ‘நில்லு’ன்னு வச்சிக்கலாமா? அதுவும் அம்மா சொல்தான்.”

“ஏன்? புடு தப்பா?”

வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். அந்தக் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“தப்பெல்லாம் இல்ல சார். சும்மா, இதுவும் நல்லா இருக்குமேன்னு.”

“வேண்டாம். நடுவில் மாற்றினால் குழம்புவான். எனக்கு அப்படித்தான் ஆனது.”

நியாயம்தானே. கோச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சாக்ஸ் முப்பது ஜோடி.

பிப்ரவரி 9, ஞாயிறு

3-1 ஜெயிப்பு. இனி ஒரே ஒரு ஆட்டம். அதில் டிரா செய்தாலே போதும், மேல் டிவிஷனுக்குப் போய்விடலாம்.

நீளப் பந்துக்குப் பாய்ந்த தேசப்பனுக்கு நெற்றிப்பொட்டில் முழங்கை, ஜெர்சியெல்லாம் ரத்தம். இரண்டு நிமிஷம் எழவில்லை. எழுந்து ஆடி முடித்தான். இந்தப் பந்துக்கும் கோச் கத்தியது எனக்குக் கேட்டது. மைதானம் முழுக்கக் கேட்டது.

ஆட்டம் முடிந்து ரூமில் பூட்ஸ் கழற்றிக்கொண்டே, “ணா, எத்தன கோல் நாம?” என்றான். மூணு என்றேன். கிளவுஸைக் கழற்றினான். “ணா, எத்தன கோல் நாம?” என்றான். கலாய்க்கிறான் என்று நினைத்து “முப்பது” என்றேன். தலையாட்டிக்கொண்டான். அப்புறம் கழற்றின பூட்ஸை மறுபடி மாட்டினான், கால் மாற்றி.

டாக்டர் பார்த்து, பத்து நாள் பந்தைத் தொடக்கூடாது என்றார். நல்லவேளை, அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பச்சைத்தண்ணியில் ஊறவைத்தும் கறை போகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டர் மறுபடி பார்த்தார். ஆடலாம் என்று எழுதிக்கொடுத்தார். பந்து பதினான்கு. மனசுக்கு நிம்மதி. பூட்ஸைச் சரியான காலில்தான் மாட்டினான், பார்த்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கோச் முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் பெஞ்சில். ரெண்டாவது கீப்பர் ரெக்ஸ் ஆடுவான்.

“கெட்டிக்காரன். ஆனால் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் வேண்டாம் என்று கத்தக் கத்தப் போகிறான். கைதட்டலுக்கு ஆசைப்படுகிறான். நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் எழமாட்டான், அதை நான் பார்க்க மாட்டேன்.”

இதைத் தேசப்பனிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். சொன்னேன். அவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“நான் இன்னாணா தப்பு பண்ணேன்? அவர் புடின்னு சொன்ன ஒரு பந்தயாவது வுட்டேனா? பல்லு போச்சு, வெரலு போச்சு, வுட்டேனா? கேளுங்கணா.”

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு தப்பும் செய்யாதவனைப் பெஞ்சில் உட்கார வைப்பது என் தமாஷ். ஏழு வருஷம் பெஞ்சில் இருந்தவரே இவனை உட்கார வைக்கிறார்.

நேரே கோச்சிடம் போனேன். “சார், அவனை ஆட வைங்க. நான் பேசறேன். இனிமே நீங்க சொன்னா நிப்பான். நான் கேரண்டி.”

“நீ அவன் பாஷைக்காரன். நீ சொன்னால் நேரே காலுக்குப் போகும்” என்றார். பட்டியலில் ரெக்ஸ் பெயரை அடித்துத் தேசப்பன் பெயரை எழுதினார்.

திரும்பி ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஓடினேன். ஆனால் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது என்ற சேதியை முதலில் சொல்லிவிட்டேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். “அவருக்கு என் மேல நம்பிக்கை கீதுணா! எனக்குத் தெரியும்!” கீழே இறக்கிவிட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

“நாளான்னிக்குக் கொஞ்சம் பாத்து ஆடுபா” என்றேன்.

“பாத்துக்கிறேன்” என்றான்.

அவ்வளவுதான் சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

பந்து பதினான்கு. ஜெர்சி இருபத்திரண்டு, இஸ்திரி போட்டு மடித்தேன். ஒன்றாம் நம்பர் ஜெர்சியில் நெற்றி ரத்தத்தின் கறை இன்னும் மங்கலாக இருக்கிறது.

கோச், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் வுடு என்று கத்துவதாக நினைக்கிறீர்கள். உங்கள் வாயில் அது புடு என்று வருகிறது. அறுபது அடி தூரத்தில் நிற்பவனுக்கு அது புடி. அவன் உங்கள் பேச்சைக் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறான். முதல் நாளே எனக்குத் தெரியும். சிரிப்பாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. அப்புறம் சிரிப்பாக இல்லை, அதனால் சொல்லவில்லை.

மதியம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்தேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இன்று நிறைய எழுதியிருக்கிறாயே” என்றார்.

“ஆமா சார்.”

“நல்லது.” கையெழுத்துப் போட்டார்.

சொல்லிவிட்டேன். எழுதியாயிற்று, கையெழுத்தும் விழுந்தாயிற்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஒன்றும் துவைக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், எண்பத்திரண்டாவது நிமிஷம். நாம் 1-0 முன்னால். ஒரு கோல் வாங்கினாலும் டிரா, டிரா என்றாலும் நமக்குப் போதும். மைதானத்தில் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். நீளப் பந்து வந்தது. அவர்கள் ஒன்பதாம் நம்பர் ஓடிவந்தான். பந்து சரிபாதித் தூரத்தில் குதித்தது.

தேசப்பன் கோட்டிலேயே நின்றான். நின்றான், நான் பார்த்தேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். பாத்துக்கிறேன் என்று என்னிடம் சொன்னானே, பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பந்தை அவன் விடப்போகிறான் என்று நினைத்தேன்.

அப்போது திரும்பிக் கோச்சைப் பார்த்தான்.

கோச் ரெண்டு கையையும் வாயருகே குவித்து, உயிர் போகிற மாதிரி கத்தினார்.

நானும் கத்தினேன். வுடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் அவன் காற்றில் இருந்தான்.

பந்து அவன் கையில் மாட்டியது. முழங்கால் அதற்குப் பிறகு வந்தது. விழுந்தும் பந்தை நெஞ்சோடு வைத்திருந்தான். ரெஃபரியும் பெஞ்சிலிருந்து ஓடிவந்த ரெக்ஸும் சேர்ந்து விரல்களைப் பிரித்துத்தான் பந்தை எடுத்தார்கள். கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. அவன் எழவில்லை என்று தெரிய அவர்களுக்கு நேரம் பிடித்தது.

ஜெயித்துவிட்டோம். மேல் டிவிஷன்.

பிப்ரவரி 27, வியாழன்

பெரியாஸ்பத்திரி. தலையில் ஆபரேஷன் முடிந்தது. கண் திறக்கவில்லை. மலர்க்கொடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, “சொன்னீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

காலை பதினோரு மணிக்குக் கோச் வந்தார். கையில் இந்த நோட்டு. கிட் ரூமிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். வேப்பமரத்தடி பெஞ்சில் என் இடப்பக்கம் உட்கார்ந்தார், வலது காது என் பக்கம் வருகிற மாதிரி.

“எல்லாம் இதில் இருக்கிறது. யாருக்கு, என்று, எங்கே அடி. நான் எங்கே தவறினேன் என்று தெரிய வேண்டும். படி.”

“எதுலேர்ந்து சார்?”

“முதலிலிருந்து.”

படித்தேன். ஒவ்வொரு வரியையும் கப்பல் இங்கிலீஷில் சொன்னேன். பந்து பதினெட்டு, நாய் கடித்தது. எல்லய்யா என்று பெயர் வைத்ததைச் சொன்னபோது லேசாகச் சிரித்தார். குழாயடி வந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

“படி.”

வடை, படை. வாத்து, பாத்து. சூப்பர் சார்.

வேறு எதுவும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

“அந்த இரண்டு சொல்லையும் நீ சொல்.”

சொன்னேன்.

“மெதுவாக.”

சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார். மேல்பல் கீழ்உதட்டைத் தொட்டு எழுவதைப் பார்த்தார். பிறகு தானே சொன்னார். புடி. புடு. இன்னொரு முறை, உள்ளங்கையை வலது காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு. புடு.

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நோட்டை என் மடியிலிருந்து எடுத்தார். கடைசிச் சனிக்கிழமைப் பக்கத்தைக் காட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறாய்?” என்றார். சொன்னேன். தன் கையெழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். மை காய்ந்து நாளாகிவிட்டது, போகவில்லை.

“ஒவ்வொரு பக்கத்திலும் போட்டிருக்கிறேன்” என்றார். “ஒவ்வொரு பக்கத்திலும்.”

எழுந்து போய் மலர்க்கொடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான மனுஷன் கால்களை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கிட்டே போனபோதுதான் தெரிந்தது, பல்லைக் கீழ்உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். வ். வ். வ்.

மார்ச் 1, சனி

மலர்க்கொடியிடம் நானே சொன்னேன். முழுதாக. கேட்டுவிட்டு, சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

பதினோராம் நாள்.

மதியம் கண் திறந்தான். இடது கை அசையவில்லை. இனிமேல் மைதானம் என்ற பேச்சே கூடாது, நடந்தாலே பெரிய விஷயம் என்று டாக்டர் வெளியே வைத்து எங்களிடம் சொன்னார். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மலர்க்கொடி, கோச், நான் உள்ளே போனோம். அவனுக்கு மலர்க்கொடியைத் தெரிந்தது. என்னையும் தெரிந்தது. நாக்கு தடிப்பாக இருந்தது, ஆனால் பேசினான்.

“ணா... புடிச்சேனா?”

“புடிச்சப்பா. கையிலதான் இருந்துச்சு.”

“கோச்சு... புடின்னாரு.”

அந்த ஒரு சொல் கோச்சுக்குத் தெரியும். மொழிபெயர்க்க என்னை அவர் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கட்டிலோரம் முட்டி போட்டு, தேசப்பன் காதருகே குனிந்தார். பல்லைக் கீழ்உதட்டில் வைப்பதைப் பார்த்தேன்.

“வுடு” என்றார்.

சுத்தமாக வந்தது. எங்கள் தெருவில் யார் சொன்னாலும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

தேசப்பன் அவர் தலையில் இருந்த பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணை என் பக்கம் திருப்பினான்.

“இன்னாணா, வுடுன்றாரு? இன்னாத்த வுடச் சொல்றாரு?”

கோச் என்னைப் பார்த்தார். அவனும் என்னையே பார்த்தான். சுவர்ப் பக்கம் நின்ற மலர்க்கொடியும் இத்தனை நாளில் முதல் தடவையாகத் திரும்பி என் வாயைப் பார்த்தாள்.